டாக்டர் படிப்பு வேண்டாம், சுகாதாரத் துறை வேண்டும் என்கிறாள் மகள்: டர்பனில் எந்தப் பட்டம் படிக்க வைக்கலாம்?

மீனாட்சி, சாட்ஸ்வொர்த்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். ஜூன் தேர்வில் கணிதம் 64, உயிரியல் 76, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த தாளில் 58, ஆங்கிலம் 81. இந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காது என்பது எங்களுக்குத் தெரியும். அவளும் ஒருநாளும் டாக்டராக வேண்டும் என்று கேட்டதில்லை.

2021 ஜனவரியில் அவளுடைய ஆயா, அவள் பாட்டி, கோவிட்டில் போய்விட்டார். மருத்துவமனைக்குள் எங்களை விடவில்லை. தகன மேடையிலும் தள்ளி நின்றுதான் பார்த்தோம். வெள்ளை உடுப்பு போட்ட இரண்டு பேர் பெட்டியை இறக்கினார்கள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஆயாவுக்கு இது எங்கிருந்து வந்தது, யாராவது கண்டுபிடிப்பார்களா?" என்பதுதான். இன்றுவரை அந்தக் கேள்வியை விட்டு அவள் நகரவில்லை. நோய் வராமல் தடுக்கும் வேலையும், மருத்துவமனையை ஒழுங்காக நடத்தும் வேலையும் வேண்டும் என்கிறாள்.

இணையத்தில் தேடினால் பொதுச் சுகாதாரத்தில் இளநிலைப் பட்டம் என்று அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும்தான் வருகின்றன. இங்கே தென்னாப்பிரிக்காவில், நம் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், எதைப் படிக்க வைப்பது? என் நாத்தனார் பி.காம். போடு என்கிறார். பக்கத்து வீட்டில் நர்சிங் என்கிறார்கள். விண்ணப்பம் செப்டம்பர் கடைசியில் முடிகிறது. எங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குக் கீழேதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டொங்காட் தம்பி

அக்கா, வணக்கம். உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் தேடுவதுதான் என் தொழில். நான் நகராட்சியில் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர். பெயரில் சுற்றுச்சூழல் இருப்பதால் மரம் நடும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். தேசிய சுகாதாரச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 61ஆம் சட்டம், எங்கள் பொறுப்புகளை வரிசையாகச் சொல்கிறது: குடிநீரின் தரம், உணவுக் கட்டுப்பாடு, கழிவு, கட்டடங்களின் சுகாதாரம், தொற்றுநோய்க் கண்காணிப்பு, கொசு எலி ஒழிப்பு, மாசு, இரசாயனப் பாதுகாப்பு, இறந்தோர் உடலைக் கையாளுதல். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கோவிட் காலத்தில் தகனத்தையும் அடக்கத்தையும் மேற்பார்வை செய்ததும், யார் யாரோடு பழகினார்கள் என்று வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டதும் எங்கள் துறையினர்தான்.

வேலை எப்படி இருக்கும் என்று ஒரு நாளைச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் டொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, பல மாதங்கள் குழாயில் தண்ணீர் இல்லை. லாரிகள்தான் வந்தன. ஒவ்வொரு லாரியின் குழாய் வாயையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, தண்ணீரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கிருமி நீக்கிய பாட்டிலில் பிடிக்க வேண்டும். அந்தப் பாட்டிலுக்குள் முன்கூட்டியே சிறிது சோடியம் தயோசல்பேட் இருக்கும். தண்ணீரில் இருக்கும் குளோரினை அது முறித்துவிடும். இல்லாவிட்டால் ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்றுவிட்டு, தண்ணீர் சுத்தம் என்று பொய்யான முடிவைத் தந்துவிடும். பாட்டிலின் கழுத்தில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு மூடி, பெயர் எழுதி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். வரிசையில் வாளியோடு நிற்கும் பாட்டி, "இதைக் குடிக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்பார். அந்த நேரத்தில் இந்த வேலையின் எடை தெரியும்.

படிப்பு: டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உம்லாசியில் உள்ள மங்கோசுத்து பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. முன்பு மூன்று ஆண்டு டிப்ளமா, அதற்கு மேல் ஓராண்டு பி.டெக். இப்போது நான்கு ஆண்டுத் தொழிற்பட்டம். முடித்ததும் சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில், அதாவது எச்.பி.சி.எஸ்.ஏ.வில் பதிவு, பிறகு ஓராண்டு சமூக சேவை. அந்த ஓராண்டுக்கும் சம்பளம் உண்டு.

---

மீனாட்சி, சாட்ஸ்வொர்த்

தம்பி, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோவிட் கால தகனத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை மகளுக்குக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை, போனை வாங்கி மறுபடியும் படித்தாள்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இது பழைய சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேலைதானே? அவள் அப்பா இதைக் கேட்டதும் முகம் சுளித்தார். சாக்கடை பார்க்கவா பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்கிறார்.

---

பீனிக்ஸ் தாத்தா

அம்மா மீனாட்சி, உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் அந்தப் பழைய இன்ஸ்பெக்டர்களில் ஒருவன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சாக்கடையும் பார்த்தேன், கசாப்புக் கூடமும் பார்த்தேன், வெட்கப்பட்டதில்லை. 2017, 2018இல் உணவு வழியாகப் பரவும் லிஸ்டீரியா கிருமி வந்ததே, நினைவிருக்கிறதா? 1,060 பேருக்கு உறுதியானது, 216 பேர் இறந்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள். எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து கொடுத்தும் அது நிற்கவில்லை. நோயாளிகளிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக் கேட்டு, குளிர்பதனப் பெட்டிகளிலிருந்து மாதிரி எடுத்து, மரபணுவை ஒப்பிட்டு, போலனி என்ற பதப்படுத்திய இறைச்சி செய்யும் ஒரு தொழிற்சாலையில் போய் முடிந்தது தேடல். தொழிற்சாலையை மூடிய பிறகுதான் நோய் அடங்கியது. அதற்கு டாக்டரும் வேண்டியிருந்தது, ஆய்வகமும் வேண்டியிருந்தது, கையில் பஞ்சுக் குச்சியோடு அந்தத் தொழிற்சாலைத் தரையில் மண்டியிட்டவனும் வேண்டியிருந்தது.

இன்னொன்று. பொதுச் சுகாதாரம் ஏதோ அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் படிப்பு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் மாகாணத்துப் புல்வர் பக்கம் போலேலா என்று ஓர் ஊர். 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். எட்வர்ட் ஜாலி என்ற ஆப்பிரிக்க மருத்துவ உதவியாளரும், செவிலியரான அவருடைய மனைவி அமேலியாவும் அவர்களோடு போனார்கள். வருகிற நோயாளிக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு நிற்கவில்லை. வீடு வீடாகப் போய் யார் என்ன சாப்பிடுகிறார்கள், கழிப்பிடம் இருக்கிறதா, எத்தனை குழந்தை இறந்தது என்று எழுதினார்கள். உள்ளூர்க்காரர்களையே பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். காய்கறித் தோட்டம் போட வைத்தார்கள். 1957இல் ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் அங்கே வந்து பார்த்துவிட்டுப் போய், 1960களில் தம் நாட்டு ஏழைகளுக்குச் சமூக சுகாதார நிலையங்கள் அமைக்க அதையே முன்மாதிரியாகக் கொண்டார். இங்கிருந்து அங்கே போன சரக்கு அது. நம் பிள்ளை அதைப் படிக்க ஏன் கடல் கடக்க வேண்டும்?

---

மேட்ரன் அக்கா

மீனாட்சி, பக்கத்து வீட்டார் சொன்ன நர்சிங்கைத் தள்ளிவிடாதீர்கள். நர்சிங் என்றால் படுக்கை விரிப்பதும் ஊசி போடுவதும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: இந்த நாட்டில் கிளினிக்குகளை நடத்துவது நாங்கள்தான். எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 80 இலட்சம் பேர் உள்ள நாடு இது. டாக்டர் மட்டுமே மருந்தைத் தொடங்கலாம் என்று இருந்தவரை வரிசை நகரவில்லை. 2010 முதல் பயிற்சி பெற்ற செவிலியரே தொடங்கலாம் என்று வந்தது. அதன்பிறகு கிளினிக்கில் நடந்த மாற்றத்தை நான் என் கண்ணால் பார்த்தவள். காலை ஏழு மணிக்கு மருந்துக்காக வந்த பெண், எட்டரைக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். முன்பெல்லாம் அவளுக்கு அன்றைய கூலி போய்விடும். பொதுச் சுகாதாரம் என்றால் எனக்கு அந்தப் பெண்ணின் ஒரு நாள் கூலிதான்.

படிப்பு விவரம்: பல்கலைக்கழகத்தில் செவிலியமும் மகப்பேறும் சேர்ந்த நான்கு ஆண்டுப் பட்டம். பழைய பாடத்திட்டம் 2019 சேர்க்கையோடு முடிந்து, 2020இலிருந்து புதியது. செவிலியர் கல்லூரியில் மூன்று ஆண்டு டிப்ளமாவும் உண்டு. ஆனால் மகள் நிர்வாகத்துக்குப் போக நினைத்தால் நான்கு ஆண்டுப் பட்டத்தையே எடுக்கட்டும். ஓராண்டு சமூக சேவை இதற்கும் உண்டு. பிறகு சில ஆண்டுகள் வார்டிலோ கிளினிக்கிலோ வேலை பார்த்துவிட்டு, சுகாதாரப் பணி மேலாண்மையில் முதுநிலை டிப்ளமா படிக்கலாம்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? மாகாண சுகாதாரத் துறை மருத்துவமனைத் தலைமை அதிகாரிப் பதவிக்கு விளம்பரம் போடும்போது நிதானமாக முழுவதையும் படித்துப் பாருங்கள். சுகாதாரம் சார்ந்த பட்டம், உரிய தொழில் மன்றத்தில் பதிவு, அதற்கு மேல் மேலாண்மைத் தகுதியும் அனுபவமும் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். மன்றப் பதிவு என்ற அந்த வரியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். நிர்வாகத்தில் கெட்டிக்காரர்களாக இருந்தும் அந்த ஒரு வரி இல்லாததால் மேலே போக முடியாதவர்களை எனக்குத் தெரியும். பதினெட்டு வயதில் எடுக்கும் பட்டம் நாற்பது வயதில் வந்து கணக்குக் கேட்கும்.

---

கோப்பு அறை

மேட்ரன் அக்கா சொன்னது தலைமை அதிகாரி நாற்காலிக்குச் சரி. ஆனால் ஒரு மருத்துவமனையில் ஒரு நாற்காலிதானே அது? மற்ற நிர்வாகம் முழுவதும் யாரால் ஓடுகிறது? நான் பொது மேலாண்மை டிப்ளமா படித்துவிட்டு அரசு மருத்துவமனை ஒன்றில் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்தவன். இன்று பிரிவின் பொறுப்பாளர்.

நான் சேர்ந்தபோது இருந்த நிலையைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கே பெஞ்சு நிறைந்துவிடும். ஜன்னலில் அட்டையைக் கொடுப்பார்கள், நாங்கள் கோப்பைத் தேடுவோம். கிடைக்காவிட்டால் புதிய கோப்பு ஒன்றைத் திறந்து கையில் கொடுத்து அனுப்பிவிடுவோம். ஒருநாள் அப்படித்தான் ஒரு முதியவருக்குப் புதிய கோப்பு போட்டேன். பென்சிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று பழைய கோப்பின் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. புதிய அட்டை வெறுமையாக இருந்தது. அவருடைய மனைவி ஊசி அறையின் வாசலில் வைத்துச் சொன்னதால் தப்பித்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அறை முழுவதையும் மாற்றினோம். கோப்பு எண்ணின் முதல் இலக்கங்களை வைத்து அடுக்கினால் புதிய எண்கள் எல்லாம் ஒரே மூலையில் போய்க் குவியும். அந்த மூலையில் எல்லோரும் முட்டிக்கொள்வோம், அவசரத்தில் தவறான இடத்தில் செருகுவோம். கடைசி இரண்டு இலக்கங்களை வைத்து அடுக்கினால் 00 முதல் 99 வரை நூறு பகுதிகளிலும் சமமாகப் பரவும். ஒவ்வொருவருக்கும் இருபத்தைந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். நீல வரிசையில் ஒரு மஞ்சள் அட்டை நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். மூன்று வார இறுதிகள், தூசி மூக்கில் ஏற ஏற, அடுக்கி முடித்தோம். இதற்கு எந்த மன்றத்திலும் பதிவு தேவைப்படவில்லை. இதுவும் உயிர் காக்கும் வேலைதான், அக்கா.

பி.காம். பற்றி: கணக்கியல் பிடித்தால் எடுக்கட்டும். தனியார் மருத்துவமனைகளிலும் மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கோரிக்கைச் சீட்டைச் சரிபார்ப்பது, நோய்க் குறியீடு இடுவது போன்ற வேலைகள் உண்டு. 2005 முதல் ஐ.சி.டி.-10 என்ற அந்த நோய்க் குறியீடு இல்லாமல் கோரிக்கையே நகராது. ஆனால் நாட்டில் ஆறில் ஒருவருக்குக்கூட மருத்துவக் காப்பீடு இல்லை. தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தில் 2024 மே 15 அன்று ஜனாதிபதி கையெழுத்திட்ட பிறகு அந்தத் துறை எந்தப் பக்கம் திரும்பும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதை மட்டுமே நம்பிப் படிக்க வேண்டாம்.

---

மேட்ரன் அக்கா

தம்பி, கை கூப்புகிறேன். கோப்பு தொலைந்த நோயாளியை வார்டில் வைத்துக்கொண்டு தவித்தவள் நான். உங்களைப் போல ஒருவர் கீழே இருந்திருந்தால் எத்தனை இரவுகள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. உங்களுடைய திறமைக்கு மேலே போகும் ஏணி இருந்திருக்க வேண்டும், அது இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இந்தப் பிள்ளைக்கு ஏணி இருக்கட்டும்.

---

எண்களோடு வாழ்பவள்

நான் வேறு வழியில் வந்தவள். புள்ளியியலில் பி.எஸ்சி., பிறகு ஹானர்ஸ், பிறகு பொதுச் சுகாதாரத்தில் முதுநிலை. எச்.ஐ.வி. திட்டம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் தரவு ஆய்வாளராக இருந்தேன். 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது எங்கள் பிரிவு முழுவதும் மூடப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை மடிக்கணினியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தேன். ஏழு மாதங்கள் வேலை இல்லை. என்னோடு வெளியே வந்தவர்களில் முதலில் வேலை கிடைத்தது யாருக்குத் தெரியுமா? செவிலியருக்கும் மருந்தாளருக்கும். அவர்கள் கையில் பதிவுச் சான்றிதழ் இருந்தது. அரசுத் துறையில் பணியிடங்கள் முடங்கி, 2024இல் டாக்டர்களே வேலை கேட்டுக் குரல் எழுப்பியதையும் பார்த்தோம். ஆகவே பதிவு இருந்தால் வேலை உறுதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பதிவு இல்லாதவரின் நிலை இன்னும் கடினம்.

மீனாட்சி அக்காவுக்கு ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் மேல்மாடி. கேப் டவுன் பக்கம் மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி 1993இல் தொடங்கியது, பெயர் பெற்ற இடம். அங்கும் முதுநிலைப் படிப்புதான். கீழ்த்தளத்தை வேறொரு பட்டத்தால்தான் கட்ட வேண்டும். அந்தக் கீழ்த்தளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. படிப்புகளை நிலை நிலையாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் மூன்று ஆண்டு இளநிலைப் பட்டம் 7ஆம் நிலை. முதுநிலைக்குப் போக 8ஆம் நிலை வேண்டும், அதாவது இன்னும் ஓராண்டு ஹானர்ஸ். நான்கு ஆண்டுத் தொழிற்பட்டம், நர்சிங் ஆகட்டும் சுற்றுச்சூழல் சுகாதாரம் ஆகட்டும், நேராக 8ஆம் நிலையில் நிற்கும். ஆண்டுக் கணக்கு ஒன்றுதான். ஆனால் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசு தரும் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். படிப்பு உதவி முதல் இளநிலைப் பட்டத்துக்குத்தான். நான்கு ஆண்டுப் பட்டத்தில் நான்காம் ஆண்டும் அதற்குள் அடங்கிவிடும். ஹானர்ஸ் ஆண்டுக்கு நீங்கள் வேறு இடத்தில் பணம் தேட வேண்டும். நான் அந்த ஓராண்டுக்காக வாங்கிய கடனை ஐந்து ஆண்டுகள் கட்டினேன். வருமானம் 3,50,000க்குக் கீழே என்று நீங்கள் எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

எண்கள் பிடிக்குமா என்றும் அவளிடம் கேளுங்கள். உலகத்தில் பல நாடுகள் இன்று பயன்படுத்தும் மாவட்ட சுகாதாரத் தகவல் மென்பொருள் 1990களில் இந்த நாட்டில், கேப் டவுனில் பிறந்ததுதான். ஆயாவுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிள்ளைக்கு இந்தப் பாதையும் பொருந்தலாம்.

---

கதிர், கேப் டவுன்

நான் மதுரையிலிருந்து வந்து இங்கே பத்து ஆண்டுகள் ஆகின்றன. இந்தியாவுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாமா என்று சில குடும்பங்கள் என்னைக் கேட்பதால் எழுதுகிறேன். வெளிநாட்டுப் பட்டத்துக்கு முதலில் தகுதி ஆணையத்தின், அதாவது எஸ்.ஏ.க்யூ.ஏ.வின் மதிப்பீடு வேண்டும். பதிவு தேவைப்படும் தொழில் என்றால் மன்றத்தின் நடைமுறை தனி. என் மனைவிக்கு அந்தக் காகித வேலையே ஓராண்டுக்கு மேல் ஆனது. இங்கே வாழப்போகும் பிள்ளை இங்கேயே படிப்பதுதான் நல்லது. மேல்படிப்புக்கு வேண்டுமானால் போகட்டும்.

---

டொங்காட் தம்பி

எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள்: ஜூலு மொழி. நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பள்ளியில் இரண்டாம் மொழியாக ஆஃப்ரிகான்ஸ் எடுத்துவிடுகிறார்கள். மதிப்பெண் எளிதாக வரும் என்பது காரணம். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் ஜூலு தெரியாத இளநிலை மாணவர்கள் அதில் ஒரு பாடமாவது தேற வேண்டும் என்று வைத்திருக்கிறது. அது போதாது. நான் வேலையில் சேர்ந்த முதல் மாதம் உம்லாசி பக்கம் ஒரு சிறு கடைக்குப் போனேன். கடைக்குள் பூச்சிமருந்துப் பொட்டலமும் குழந்தைகள் வாங்கும் சிப்ஸும் ஒரே தட்டில் இருந்தன. எனக்கு விதி தெரியும், அபராதம் தெரியும், சொல்ல வார்த்தை தெரியவில்லை. ஆங்கிலத்தில் பேசினேன். கடையிலிருந்த கோகோ, அதாவது ஜூலுப் பாட்டி, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒன்றும் புரியவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துப் போனபோதுதான் தெரிந்தது. பொட்டலம் அதே தட்டில் இருந்தது.

2024இல் அப்படிப்பட்ட பூச்சிமருந்தால் குழந்தைகள் இறந்து, நவம்பரில் எல்லாச் சிறு கடைகளும் 21 நாட்களில் பதிவு செய்ய வேண்டும் என்று ஜனாதிபதி அறிவித்தபோது, நான் அந்தத் தட்டைத்தான் நினைத்தேன். 10,000 பேருக்கு ஒரு சுகாதார அலுவலர் என்பது நாட்டின் அளவுகோல். நாங்கள் அதற்கு வெகு தொலைவில் இருக்கிறோம். இருக்கிற சிலருக்கும் மொழி தெரியாவிட்டால் கடைக்குள் போய் என்ன பயன்?

---

மீனாட்சியின் மகள்

வணக்கம். அம்மாவின் கணக்கிலிருந்து நான்தான் எழுதுகிறேன். தமிழில் தவறு இருந்தால் மன்னிக்கவும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கற்றது. அம்மா சரிபார்த்துக்கொடுத்தார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை எங்கள் கோயிலில் அன்னதானம். நான் பருப்புப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். நகராட்சியிலிருந்து ஓர் அம்மையார் வந்தார்கள். கையில் ஊசி போன்ற வெப்பமானி. பானையில் நடுவில், அடியில், ஓரத்தில் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார்கள். நடுவில் 66 பாகை, ஓரத்தில் 51. "60க்குக் கீழே போனால் கிருமிக்கு விருந்து, மறுபடியும் கொதிக்க வையுங்கள்" என்றார்கள். சமையல் மாமாவுக்குக் கோபம். நாற்பது ஆண்டுகளாகச் சமைக்கிறேன், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றார். அவர்கள் சண்டை போடவில்லை. மாமாவின் கையில் வெப்பமானியைக் கொடுத்து, நீங்களே பாருங்கள் என்றார்கள். மாமா குத்திப் பார்த்தார். எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுப்பை ஏற்றினார். நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் முந்நூறு பேர் இருந்தார்கள், யாருக்கும் இது தெரியாது.

நான் அந்த அம்மையாரிடம் பேசினேன். காரில் ஏறும் முன்பு கால் மணி நேரம் பேசினார்கள். டர்பன் துறைமுகத்தில் கப்பல்களைச் சோதிக்கும் சுகாதார அதிகாரிகளும் இதே படிப்புதான் என்றார்கள். எனக்கு அது தெரியாது.

பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அலுவலகமான சி.ஏ.ஓ.வின் விண்ணப்பத்தில் முதல் தெரிவும் இரண்டாம் தெரிவும் சுற்றுச்சூழல் சுகாதாரம், இரண்டு பல்கலைக்கழகங்களிலும். மூன்றாவது நர்சிங். நான்காவது புள்ளியியலோடு பி.எஸ்சி. அப்பா இன்னும் முழுமனதாகச் சரி சொல்லவில்லை. பீனிக்ஸ் தாத்தா எழுதியதை அம்மா வாசித்துக் காட்டினார், லிஸ்டீரியா பற்றிய இடத்தில் மறுபடியும் வாசி என்றார்.

ஒரு கேள்வி. நான் பள்ளியில் ஆஃப்ரிகான்ஸ்தான் எடுத்தேன். ஜூலுவில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது. வகுப்பு தொடங்கும் பிப்ரவரிக்குள் எப்படிக் கற்றுக்கொள்வது?

---

பீனிக்ஸ் தாத்தா

கண்ணு, உன் அப்பாவை என்னிடம் பேசச் சொல். உன் இயற்பியல் மதிப்பெண் 58 என்று அம்மா எழுதியிருந்தார். சேர்க்கைக் கையேட்டை வைத்துப் பார், பாடவாரியாக என்ன கேட்கிறார்கள் என்று இருக்கும். இறுதித் தேர்வில் அதை அறுபதுக்கு மேல் கொண்டுபோ. பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார். வேதியியல் பகுதியை விடாதே, உணவு ஆய்விலும் நீர் ஆய்விலும் அதுதான் தினமும் வரும்.

---

கோப்பு அறை

தங்கச்சி, என்னோடு பதிவேட்டில் வேலை செய்யும் ஜூலு அம்மா ஒருவர், நாங்கள் மா என்று கூப்பிடுபவர், இருக்கிறார், முன்பு பள்ளி ஆசிரியை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஜூலு கற்றுக்கொடுக்க எங்கள் வீட்டுக்கு வருகிறார். உன் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் வந்து சேர்ந்துகொள். நாங்களும் சாட்ஸ்வொர்த்தான். முதல் பாடம் மருத்துவமனை ஜன்னலில் கேட்கும் கேள்விகள்: பெயர் என்ன, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே வலிக்கிறது. அவர் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை, பேசவைத்தே கற்றுத்தருவார். அம்மாவுக்குத் தனியே முகவரி அனுப்பியிருக்கிறேன்.

---

மீனாட்சி, சாட்ஸ்வொர்த்

முகவரி கிடைத்தது, தம்பி. இந்தச் சனிக்கிழமையே அழைத்து வருகிறேன், நானும் உட்கார்ந்து கேட்கலாமா என்று அந்த மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். விண்ணப்பம் நேற்று இரவு அனுப்பியாகிவிட்டது. அவள் அப்பாதான் தன் போனிலிருந்து கட்டணம் கட்டினார்.